மோல் என்ற சொல்லும் என் உள்ளங்காலும்

தம்பி,

இதை நான் வாட்ஸ்அப்பில் அனுப்பவில்லை. காரணம் உனக்குத் தெரியும். நாங்கள் போனுக்குப் பக்கத்தில் எதைக் கதைத்தாலும் அது வேறு யாருக்கோ கேட்கிறது என்பது என் எண்ணம். முழங்கால் நோகிறது என்று அம்மாவிடம் வாயால்தான் சொன்னேன். அன்றைக்குப் பின்னேரமே முழங்கால் பட்டிக்கு விளம்பரம் வந்தது. நீ சிரிப்பாய். சிரித்துவிட்டு மெதுவாக வாசி. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய், இந்த விஷயத்துக்கு அது நல்லது. நீயும் தாரணியும் எடின்பரோவுக்குக் குடிபோய்ப் பெட்டிகளைக்கூடப் பிரித்து முடித்திருக்க மாட்டீர்கள், அதற்குள் அப்பா ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். உங்கள் கலியாணத்துக்கு முந்திய மாதங்களில் லண்டன் சட்டனில் எங்கள் வீட்டுக்குள் நடந்ததை நீ உன் பக்கத்தில் நின்று பார்த்தாய். என் பக்கத்தில் அது எப்படி இருந்தது என்று உனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

எல்லாம் ஈப்போவிலிருந்து வந்த ஒரு டெலிபோன் அழைப்பில் தொடங்கியது. பஸ் டிப்போவில் ஆட்களைக் குறைத்தபோது என்னையும் நிறுத்தினார்கள் அல்லவா? மாப்பிள்ளையின் தகப்பனுக்கு வேலை இல்லை என்ற பேச்சோடு ஒரு கலியாணம் தொடங்கக் கூடாது, முடியும்வரை சம்பந்தி வீட்டுக்கு இது தெரியவே கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். விஷயம் தெரிந்தவர்கள் அம்மா, நீ, தாரணி, அம்மாவின் தம்பி குகன், அவ்வளவுதான். இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாரணியின் தாய் மலேசியாவிலிருந்து போன் எடுத்து, "அண்ணே, ரிட்டயர்மென்ட் எல்லாம் எப்படிப் போகுது? இத்தனை வருஷம் உழைச்சது போதும், நல்லா ரெஸ்ட் எடுங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது. நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டு, மேசையைச் சுற்றி இருந்த உங்கள் ஒவ்வொருவரின் முகத்தையும் பார்த்தேன். அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். நீ போனைத் தடவிக்கொண்டிருந்தாய். தாரணி மோர்டனில் அவள் எடுத்திருந்த அறைக்குப் போகப் பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். குற்றம் செய்தவரின் முகம் ஒன்றுகூட அங்கே இல்லை, அதுவே எனக்குப் பெரிய குற்றமாகப் பட்டது.

அடுத்த நாள் பின்வளவில் நின்றபோது பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அவர் அதிகம் பேசாத மனிதர். அன்றைக்குக் குரலைத் தாழ்த்தி, "உங்கள் பக்கம் ஒரு மோல் இருக்கிறது, தெரியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு நெஞ்சு அடித்த அடி இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு இன்னோர் அர்த்தத்தை எனக்குக் கற்பித்தது டிப்போதான். நாங்கள் தேநீர் அறையில் கதைக்கிற கதை மனேஜரின் காதுக்குப் போகத் தொடங்கியபோது, எங்களுக்குள் ஒரு மோல் இருக்கிறான் என்று எல்லோரும் சொன்னார்கள். உள்ளே இருந்துகொண்டு வெளியே கதை கொடுக்கிறவன். இந்தக் கிழவருக்கு எங்கள் வீட்டுச் சங்கதி எப்படித் தெரிந்தது? "எவ்வளவு காலமாக உங்களுக்குத் தெரியும்?" என்று கேட்டேன். "ஒரு கிழமையாகக் கவனிக்கிறேன்" என்றார். "ஆளைப் பிடிப்பது கஷ்டம். கண்ணால் காணவே மாட்டீர்கள், செய்துவிட்டுப் போன வேலையைத்தான் காண்பீர்கள்." அப்படிச் சொல்லிவிட்டு என் காலடியைக் காட்டினார். புல்தரையில் கறுத்த மண், கூடை கூடையாகக் கவிழ்த்த மாதிரி வரிசையாகக் குவிந்து கிடந்தது. நான் அதைப் பார்த்திருந்தேன். நரி கிண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இதற்கெல்லாம் இந்த மனிதர் ஏன் நெஞ்சு அடிக்க நிற்கிறார் என்று நீ கேட்பாய். நீ பிறந்தது இங்கே. எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, எங்கள் ஊர்ப் பொடியன்களை எல்லாம் ஆமிக்காரர் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு வாகனத்துக்குள் தலையில் சாக்குப் போட்ட ஒருவன் இருந்தான், சாக்கில் கண்ணுக்கு மட்டும் ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்க வேண்டும். அவன் தலை ஆடினால் பிடித்துக்கொண்டு போகிற பக்கம், ஆடாவிட்டால் வீட்டுக்குப் போகிற பக்கம். தலையாட்டி என்று சொல்வோம். எனக்கு அந்தத் தலை ஆடவில்லை. எனக்குப் பின்னால் நின்றவனுக்கு ஆடியது. சாக்குக்குள் இருந்தவன் யார் என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. எங்கள் தெருவில் இருந்த ஒருவனாகத்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் அவனுக்கு எங்களை எல்லாம் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிற முகத்தைப் பார்க்கும்போது, அதற்கு மேலே ஒரு சாக்கைப் போட்டுப் பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை, நியாயமாகவும் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொல்கிறேன்.

அந்தக் கிழமை முழுக்க அந்தச் சொல்லையே தேடினேன். அகராதியில் பார்த்தால் அது ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் ஒரு கூட்டம். மண்ணுக்குள் கிடக்கும் பிராணி ஒன்று, உளவாளி ஒன்று, தோலில் வரும் கறுப்புப் புள்ளி ஒன்று, துறைமுகத்தில் அலையை மறிக்கக் கட்டும் கல்லணைக்கும் அதுதான் பெயர். ஏ லெவல் இரசாயனத்தில் நாங்கள் மூல் என்று படித்த அளவும் அதுவே. நீ பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், நாளைக்கு மோல் பரீட்சை என்று சொல்ல, நான் உனக்கு விலங்கியல் புத்தகத்தை எடுத்துத் தந்தது ஞாபகம் இருக்கிறதா? டிப்போவில் கேரளத்துக்காரர் ஒருவர் இருந்தார். அவர் மகளோடு போனில் பேசும்போது "மோளே, மோளே" என்று உருகுவார். புதிதாக வந்த வெள்ளைக்காரப் பொடியன் ஒருவன், இவர்தான் அந்த உளவாளியோடு பேசுகிறார் என்று நம்பிவிட்டான். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

பிராணியைப் பற்றியும் வாசித்தேன். தமிழில் அகழெலி என்று போட்டிருக்கிறார்கள், ஆனால் அது எலி இனமே இல்லை. எங்கள் வயல்களில் அகழான் என்று சொல்வோமே, அது எலி, இது வேறு. வெல்வெட் மாதிரிக் கறுப்பு ரோமம், மண்வெட்டி மாதிரி இரண்டு கைகள், கண் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குச் சின்னக் கண். மண்புழுவைக் கடித்து அசைய முடியாமல் செய்து, உயிரோடு சேமித்து வைக்குமாம். தன் சுரங்கத்துக்குள் தனியாகவே சீவிக்கும். இன்னொன்று உள்ளே வந்தால் சண்டை பிடிக்கும். மேலே ஒருவர் நடந்தால் அதிர்வை உணர்ந்து அப்படியே நின்றுவிடும். இதை வாசித்தபோது அந்தப் பிராணியின் மனம் எனக்குக் கொஞ்சம் விளங்கியது.

சுரங்கம் எங்கே போகிறது என்று சப்பாத்தோடு நடந்தால் தெரியாது, வெறுங்காலால் அமர்த்திப் பார்த்தால் மண் இறங்கும். அதனால் நான் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு புல்லில் நடக்கத் தொடங்கினேன். இறங்குகிற இடத்தை மிதித்து மூடுவேன், அடுத்த நாள் அது வேறு இடத்தில் கிளம்பியிருக்கும். ஒரு சனிக்கிழமை அப்படி நடந்துவிட்டு, பின்படியில் இருந்து, காலை மற்றத் தொடையில் தூக்கி வைத்து, வெளிக்குழாயில் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அடுப்புப் பக்கக் குசினி யன்னலில் தாரணி நிற்கிறாள். கையில் போன், அது என் பக்கம் நீட்டியபடி. நான் பார்த்ததும் போனைக் கீழே இறக்கிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு சரியில்லை. கொஞ்ச நேரத்தால் குழாய்ப்பக்கம் வந்து, "அங்கிள், கால்ல அது என்ன, அடிபட்டுச்சா?" என்று கேட்டாள். "சேறு, பிள்ளை" என்றேன். உள்ளங்காலில் ஒரு கறுப்பு இருந்தது எனக்குத் தெரியும். உள்ளங்காலில் மச்சம் இருப்பவன் கடல் கடப்பான் என்று சொல்வார்கள், நான் கடந்தும்விட்டேன், அதில் சொல்வதற்கு என்ன இருக்கிறது? என் யோசனை எல்லாம் அந்தப் படத்தில்தான் இருந்தது. வேலை போன மனிதன் சாரத்தோடு மண்ணை மிதித்துத் திரிகிறான் என்று ஈப்போவுக்குப் படம் போகப் போகிறது. கதை கொடுக்கிற ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

குகன் வால்தம்ஸ்டோவிலிருந்து வந்தபோது அவனிடம் மட்டும் சொன்னேன். ஜெர்மனியில் கொஞ்சக் காலம், இங்கே கொஞ்சக் காலம் என்று பெயின்ட் வேலை செய்த மனிதன், எத்தனையோ வீட்டுக்குள் ஏணி போட்டு ஏறினவன், எல்லா வீட்டுக் கதையும் தெரியும். "அத்தான், படம் எடுக்கிறாள் எண்டால் சும்மா எடுக்கமாட்டாள்" என்றான். "நீங்கள் பேசாமல் இருந்து பாருங்கோ. கதவு திறந்திருந்தால் காதையும் திறந்து வையுங்கோ." இந்தப் புத்திமதியை நான் உடனே எடுத்துக்கொண்டேன். ஒருவன் ஏற்கெனவே செய்ய நினைத்ததைச் சொல்பவனைப் போல நல்ல ஆலோசகன் வேறு யார்?

அடுத்த சனிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் குசினிக்குள் ஆங்கிலமும் தமிழுமாகக் கதைத்தீர்கள். நான் படியில் நின்றேன். "இட்ஸ் எ மோல், ஆனா நார்மல் இல்லை. எனக்குத் தெரியும்" என்று தாரணி சொன்னாள். நீ, "டோன்ட் டெல் அப்பா. ஹி வில் ஃபைட்" என்றாய். பிறகு வியாழக்கிழமை என்று கேட்டது. எப்படியாவது அவரை வீட்டிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும், எங்கே போகிறோம் என்று சொன்னால் வரவே மாட்டார் என்று கேட்டது. நான் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். புல்லுக்குள் இருக்கும் மோல் என்றால் எனக்கு ஏன் மறைக்க வேண்டும்? அதோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் நான்தானே. அப்படியென்றால் மிச்சம் என்ன? வேலை இல்லை, வயது போகிறது, முதியோர் இல்லம் பார்த்துவிட்டார்கள், வியாழக்கிழமை என்னைக் கொண்டுபோய்க் காட்டப் போகிறார்கள். நான் பெற்ற பிள்ளையின் குரலில் அதைக் கேட்டேன் என்று நம்பினேன், தம்பி. அந்த ஐந்து நிமிடத்தில் உனக்கும் ஒரு சாக்கைப் போட்டுப் பார்த்தேன். அதை உனக்குச் சொல்லாமல் விட என்னால் ஏலாது.

ஒருவரிடம் மட்டும் ஒரு பொய்க் கதையைச் சொல்லிவிட்டு, அது எங்கே போய்க் கிளம்புகிறது என்று பார்ப்பதென்று முடிவெடுத்தேன். கலியாணத்துக்கு அடுத்த நாள் விருந்துக்கு ஆட்டிறைச்சியும் மீனும் என்று உன் அம்மா எல்லாம் பேசி வைத்திருந்தாள். மச்சச் சாப்பாடே வேண்டாம், மரக்கறி மட்டும் போதும் என்று தாரணியிடம் சொல்வேன். ஈப்போ அதைப் பற்றி வாய் திறந்தால் ஆள் பிடிபட்டது. அம்மா கடைக்குப் போன நேரம், தாரணி மேசையில் தேநீரோடு தனியாக இருந்தாள். நான் எதிரில் போய் இருந்தேன்.

"பிள்ளை, மச்சம் விஷயமா உன்னோட ஒரு கதை கதைக்க வேணும். தம்பிக்கும் சொல்லக் கூடாது."

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். முகம் வெளுத்துப் போனது. "உங்களுக்குத் தெரியுமா அங்கிள்? யார் சொன்னாங்க?"

பிடிபட்டுவிட்டாள் என்று நினைத்தேன். "ஆர் சொல்ல வேணும்? நானா யோசிச்சுத்தான் முடிவெடுத்தனான். மச்சம் வேண்டாம்."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நெஜமாவா? எடுத்துரலாமா அங்கிள்?"

"ஓம், முழுக்க எடுத்திடுவம். மரக்கறி மட்டும் போதும்."

"மரக்கறியா?" அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "மரக்கறிக்கும் உங்க காலுக்கும் என்ன அங்கிள் சம்பந்தம்?"

"காலோ? நான் கலியாணச் சாப்பாட்டைச் சொல்லுறன். நீ எந்தக் காலைச் சொல்லுறாய்?"

எங்கள் பக்கத்தில் மச்சம் என்றால் மீன் இறைச்சியும்தான். அவர்கள் பக்கத்தில் மச்சம் என்றால் தோலில் இருப்பது மட்டும்தான். அது விளங்க எங்கள் இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கிய பிறகு அவள் சிரிக்கவில்லை. போனை எடுத்து அந்தப் படத்தைப் பெரிதாக்கி என் முன்னால் வைத்தாள். என் உள்ளங்காலை நான் அப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. நான் கடல் கடந்த மச்சம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு சின்னப் புள்ளி. படத்தில் இருந்தது கறுப்பும் மண்நிறமும் கலந்து, ஓரம் பிய்ந்து, மை கசிந்த மாதிரிப் பரவியிருந்தது. "எங்கப்பாவுக்கும் இதே இடம்தான் அங்கிள்" என்றாள். "ஆணி குத்துன தழும்புன்னு சொல்லிட்டே இருந்தாரு. நாங்களும் நம்புனோம். டாக்டர்கிட்ட போனப்ப எல்லாம் லேட்டாயிருச்சு." அவள் தகப்பன் எதில் இறந்தார் என்று நாங்கள் ஒருவரும் கேட்டிருக்கவில்லை. சாதகத்தைக் கேட்டோம், படிப்பைக் கேட்டோம். அதைக் கேட்கவில்லை.

அப்போதும் நான் உடனே அவளை நம்பினேன் என்று நினைக்காதே. தோல் புற்றுநோய் வெள்ளைக்காரருக்கு வருகிற வியாதி, வெயிலில் கிடக்கிற ஆட்களுக்கு வருவது, எங்கள் தோலுக்கு என்ன என்று வாதாடினேன். எங்கள் நிறத்து ஆட்களுக்கு அது வெயில் படாத இடத்தில்தான், உள்ளங்காலிலும் நகத்துக்குக் கீழேயும் வருமாம் என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். "வியாழக்கிழமை அப்பாயின்ட்மென்ட் எடுத்திருக்கோம். சொன்னா நீங்க வரமாட்டீங்கன்னு பயந்தோம். நீங்க என்னைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியாதா அங்கிள்?" என்றாள். "வாறன்" என்று மட்டும் சொன்னேன்.

மிச்சம் உனக்குத் தெரியும். வியாழக்கிழமை டாக்டர் என் காலைப் பார்த்த பிறகு சிரித்துப் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். அதில் ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் ஆஸ்பத்திரியையும் சந்தேகித்தேன்: வேறு யாரோ ஒருவரின் துண்டை என்னுடையது என்று மாற்றிவிடுவார்களோ என்று. வந்தது நல்லதல்ல, ஆனால் ஆழமாகப் போகவில்லை என்றார்கள். சுற்றியுள்ள சதையையும் வெட்டி எடுத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டினார்கள். உன் கலியாணத்தில் நான் ஆஸ்பத்திரிச் சப்பாத்தோடு மணவறைக்கு ஏறினேன். ஐயர் ஒருதரம் என் காலைப் பார்த்தார், ஒருதரம் உன் அம்மாவின் முகத்தைப் பார்த்தார், பிறகு மந்திரத்தைத் தொடர்ந்தார்.

ஈப்போவுக்குக் கதை கொடுத்தது யார் என்று கேட்பாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கும்போது உன் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். "நான்தான் சொன்னனான்" என்றாள், தோடம்பழம் உரித்துக்கொண்டே. "நானும் சம்பந்தியும் ஒவ்வொரு நாளும் கதைக்கிறனாங்கள். மனிசன் வேலை போய்த் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரியுது எண்டு சொன்னன். அவ பாவம், உங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் எடுத்தவ. ஏனப்பா, நான் ஆரோட கதைக்கிறதுக்கும் உங்களிட்டை உத்தரவு எடுக்க வேணுமோ?" இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவளை மட்டும் நான் சந்தேகிக்க மறந்துபோனேன்.

இனி நான் இந்தக் கடிதத்தை எழுதிய காரணம். நீங்கள் வெளிக்கிடுவதற்கு முந்திய நாள், மேல் அறையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்தீர்கள். தாரணி தாழ்வாரத்தில் நின்று போனில் கதைத்துவிட்டு உள்ளே வந்தாள். "ஹூ வாஸ் தட்?" என்று நீ கேட்டாய். "அம்மா" என்றாள். "இவ்வளவு நேரமா?" என்று கேட்டுவிட்டு, அவள் மேசையில் வைத்த போனை எடுத்துத் திருப்பிப் பார்த்தாய். அவள் துணியை மடித்துக்கொண்டே இருந்தாள். நான் கயிறு கொண்டுவந்து கதவடியில் நின்றேன். அது என் குரல், தம்பி. சொல்லும் என்னுடையது, கடைசியில் இழுக்கிற இழுவையும் என்னுடையது. ஆனால் நீ எந்த மைதானத்திலும் வரிசையில் நின்றதில்லை. உனக்கு அது என்னிடமிருந்து சும்மா வந்திருக்கிறது. எனக்கு அந்தக் காலை வெட்டியபோதுகூட அவ்வளவு நோகவில்லை.

சந்தேகப்படாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. உங்கள் கூரை பழுது என்று கதவைத் தட்டுகிறவனை நம்பாதே. பாங்கிலிருந்து பேசுகிறேன் என்கிறவனை நம்பாதே. உடம்பில் புதிதாக வருகிற எதையும் நம்பாதே. அது விதி, அது அதிர்ஷ்டம் என்று சொல்கிற ஆட்களையும் நம்பாதே, நான் அவர்களில் ஒருவன். ஆனால் வீட்டுக்குள் சந்தேகம் வந்தால் கேள். எங்கள் பாஷையில் காதால் கேட்பதற்கும் வாயால் கேட்பதற்கும் ஒரே சொல்தான் இருக்கிறது. நான் படியில் நின்று முதலாவதை மட்டும் செய்தேன். அதற்கு முந்திய சனிக்கிழமையே குழாயடியில், "ஏன் பிள்ளை படம் எடுக்கிறாய், என்ரை காலுக்கு என்ன?" என்று இரண்டாவதைச் செய்திருந்தால், ஒரு கிழமை முந்தியே அந்தக் கால் டாக்டரின் கையில் இருந்திருக்கும். அந்த ஒரு கிழமை ஒன்றையும் மாற்றவில்லை என்று டாக்டர் சொல்கிறார். அவர் சொல்வதை நான் பாதிதான் நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு அப்பா ஒளித்துச் செய்தார் என்று நீ சொல்லக் கூடாது. நீங்கள் போன அன்றைக்கு, நீ காரில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தபோது தாரணியைத் தனியாகக் கூப்பிட்டேன். அவன் இன்னொருதரம் உன் போனைத் திருப்பிப் பார்த்தால் எனக்குப் போன் எடு என்று சொல்லியிருக்கிறேன். அவள் தலையாட்டினாள். எடுத்தால், யார் சரி யார் பிழை என்று நான் விசாரிக்கமாட்டேன், உன்னிடம் விளக்கமும் கேட்கமாட்டேன். கிங்ஸ் குரோஸில் முதல் ரயிலில் ஏறி, அவள் பக்கத்தில் வந்து இருப்பேன்.

அப்பா